பனிக்குச் சில்லிட்ட மான்

வாங்க சார், இப்படி மோட்டார் ரூம் நெழலுக்கு வந்துருங்க. கட்டில்ல உக்காருங்க. பாத்து, அந்தக் கால் ஆடும், இந்தப் பக்கமா உக்காருங்க. வீட்டுலயே வச்சுப் பேசியிருக்கலாம்தான். எம் பொண்டாட்டி அடுப்படியில நின்னாலும் காது வாசல்ல இருக்கும், அதான் இம்புட்டுத் தூரம் காட்டுக்குள்ள நடக்க விட்டேன். எங்கய்யா ஆட்டைப் பத்திக்கிட்டு ஓடைப் பக்கம் போயிருக்காரு. அவரு திரும்ப வெயில் சாஞ்சிரும்.

எங்க ஊர்த் தலைவரு அம்பலம் சொன்னதை எழுதிக்கிட்டேன்னீங்கள்ல, அதை இன்னொரு தடவை படிங்க. ம். "சங்கிலிமுத்து என்பவர்..." ம், மேல படிங்க. "...ஊர்க் கட்டுப்பாட்டை மீறிக் கண்ணி வைத்து மானைக் கொன்றதால் கோயில் படி ஏறும் உரிமையை இழந்தார். முதல் மரியாதை அவருடைய மகன் நல்லமணிக்கு வழங்கப்பட்டது." அப்பிடியேவா சார் புஸ்தகத்துல வரும்? பேரோடவா?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லைம்பாங்க. ஊரு வாயி பேசினாப் பேசட்டும் சார். இன்னைக்கு எங்களைப் பேசும், நாளைக்கு எவனாவது எவளையாவது இழுத்துக்கிட்டு ஓடினா அந்தப் பக்கம் திரும்பிரும். எழுத்து அப்பிடியில்லையே. நானும் செத்து அம்பலமும் செத்த பெறகும் எங்கய்யா பேரு அந்தத் தாள்ல கண்ணி வச்சவன்னே கெடக்குமே. நீங்க அம்பலம் வீட்டுல காப்பி குடிச்சிட்டு எங்கிட்ட ஒரு போட்டோ எடுக்க வந்தீங்க. நான் உங்களைப் புடிச்சு உக்கார வச்சிருக்கேன். கோவிச்சுக்கிறாதீங்க.

சொல்றேன். மொதல்லேருந்தே சொல்றேன்.

எங்க ஊரு பாரிவேட்டையைப் பத்தி அம்பலம் சொல்லியிருப்பாரு. மாசி மாசம் செவராத்திரிக்கு மறுநாளு தப்பு அடிச்சுக்கிட்டு ஊரே மலையடிவாரத்துக்குப் போகும். எங்க அப்பத்தா காலத்துல நெசமான வேட்டை. மானு, பன்னி, மொசலுன்னு கம்புல கட்டித் தூக்கிட்டு வருவாங்களாம். இப்ப காட்டிலாகா விடுமா? சும்மா நடந்து போயி, வானத்தைப் பாத்து ஒரு வெடியைப் போட்டுட்டு, வேட்டைக் கருப்பு கோயிலுக்குத் திரும்பிருவோம். அந்த வெடியைப் போடுறவருக்குத்தான் முதல் பரிவட்டம். அஞ்சு தலைமுறையா அது எங்க வீடு. பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்சு வாங்கின நாட்டுத் துப்பாக்கி ஒன்னு எங்கய்யாகிட்ட இருந்துச்சு. எலெக்சன் வந்தா ஸ்டேசன்ல ஒப்படைப்பாரு, முடிஞ்சதும் போயி வாங்கிட்டு வருவாரு. அதுக்குன்னு வேட்டி மாத்திக்கிட்டுப் போவாரு சார், மாமனார் வீட்டுக்குப் போற மாதிரி.

லைசென்சு பன்னியை வெரட்டத்தான். ஆனா எங்கய்யா வாலிபத்துல மானும் சுட்டிருக்காரு. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது? அந்தக் காலத்துல எல்லாரும் சுட்டாங்க. ஆனா ஒன்னு. கண்ணி மட்டும் வைக்க மாட்டாரு. எங்க ஊருல கண்ணி வச்சவன் கருப்பு கோயில் படி ஏறக் கூடாது, அதுதான் கட்டு. ஏன்னு கேட்டா எங்கய்யா சொல்லுவாரு: "துப்பாக்கி புடிச்சவன் பாத்துட்டுத்தான்டா சுடுறான். கெடாயா பொட்டையா, செனையா குட்டியான்னு பாப்பான். வேணாம்னா எறக்கிருவான். கண்ணிக்கு ஏது கண்ணு?" இதை அவரு ஆயிரம் தடவை சொல்லிருப்பாரு. எங்க வீட்டுக் கோழி கூடச் சொல்லும்.

போன வருசம் அவருக்கு எழுவத்தி நாலு. ரெண்டு கண்ணுலயும் புரை. மதுரையில போயி ஆபரேசன் பண்ணிக்கலாம்னா, வர்றேன் வர்றேம்பாரு, வர மாட்டாரு. ஒரு நாளு சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே சொல்றாரு: "கத்தி வைக்கிறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவை காட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன்டா. சுடணும்னு இல்ல. விடியக்காலம் மானு தண்ணிக்கு வர்றதை ஒரு வாட்டி பாத்தாப் போதும்."

நல்லாக் கேட்டுக்கங்க சார். சுடணும்னு இல்லேன்னாரு. பாத்தாப் போதும்னாரு. எனக்குத்தான் காதுல வேற மாதிரி விழுந்துச்சு.

எம் மச்சான் ஒருத்தன் இருக்கான், காசிலிங்கம். பொண்டாட்டியோட தம்பி. லோடு ஆட்டோ ஓட்டுறவன். அவன்கிட்டச் சொன்னேன். "மாமாவுக்குக் கண்ணு எங்க தெரியுது, அவரு சுட்டா நம்ம ரெண்டு பேருல ஒருத்தன்தான் விழுவோம்"னு சிரிச்சான். சிரிச்சுட்டு, "ஒன்னு பண்ணலாம் மச்சான். மானை நம்ம ஏற்பாடு பண்ணிருவோம். அவரு வெடியைப் போடட்டும். விழுந்துருச்சுன்னு சொல்லிருவோம். பெருசு சந்தோசமா ஆபரேசனுக்குப் போகும்"னான். எனக்கு அது பெரிய புண்ணியமாட்டம் தெரிஞ்சுச்சு. அப்பனுக்குக் கடைசி ஆசையை நெறவேத்துறோம்னு மாரு பூரிச்சுப் போச்சு.

எங்க கடலைக்காட்டுல பன்னித் தொல்லை. அதுக்குன்னு காசி பைக்கு பிரேக் கம்பியில கண்ணி வச்சிருந்தான். அதுல தற்செயலா ஒரு மானு மாட்டுச்சு. மார்கழி மாசம், சாயங்காலம் போயிப் பாத்தா செத்துக் கெடக்கு. தூக்கிட்டு வந்து ஓடைக்கரையில ஒரு ஆவாரஞ்செடி மறைவுல போட்டு, மேல தழையைப் போட்டு மூடிட்டோம்.

மறுநாள் விடியக்காலம் அய்யாவை எழுப்பினேன். எந்திரிச்சவரு மொகத்தைப் பாக்கணுமே நீங்க. கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போங்க. பழைய காக்கி டவுசரு ஒன்னு வச்சிருந்தாரு, அது இடுப்புல நிக்கல, கயித்தைக் கட்டிக்கிட்டாரு. துப்பாக்கிக்கு நான் மருந்து போடுறேன்னு வாங்கிக்கிட்டேன். எப்பயும் யாரையும் தொட விட மாட்டாரு. அன்னைக்குக் குடுத்துட்டாரு. நான் கருமருந்தைப் போட்டு, நாரைத் திணிச்சு, ரவை போடாம விட்டுட்டேன். வெறும் வெடி. யார் மேலயும் பட்டுறக் கூடாதுல்ல.

ஓடைக்கு நடந்தோம். என் தோளைப் புடிச்சுக்கிட்டுத்தான் வந்தாரு. ஆனா வழியெல்லாம் அவருதான் எனக்குக் காட்டிட்டு வர்றாரு. "இங்க பன்னி கெளறியிருக்கு, மண்ணு வாசம் வருது பாரு." "மயிலு எந்திரிச்சிருச்சு, இனி மானு வரும்." "நில்லுடா, காத்து நம்ம முதுகுல அடிக்குது, அந்தப் பக்கமாச் சுத்திப் போவோம்." செத்த மானுக்கு என்ன காத்து அடிச்சா என்ன சார்? இருந்தாலும் சுத்திப் போனோம். காசி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான். எனக்கும் சிரிப்பு வந்துச்சு. ஏன் பொய் சொல்லணும், நானும் சிரிச்சேன்.

ஆவாரஞ்செடிக்கு ஒரு முப்பது அடி முன்னால நிறுத்தி, "அய்யா, அந்தா நிக்குது"ன்னேன். துப்பாக்கியைத் தூக்கினாரு. தூக்கினவரு ரொம்ப நேரம் அப்பிடியே நின்னாரு. "கெடாயாடா, பொட்டையாடா?"ன்னு மெதுவாக் கேட்டாரு. "கெடாய்தான், கொம்பு தெரியுது, சீக்கிரம்"னேன். வெடிச்சாரு. காசி எகிறிக் குதிச்சு, "விழுந்துருச்சு மாமா, விழுந்துருச்சு!"ன்னு கத்துறான். எங்கய்யா தோளைத் தடவிக்கிட்டே, "என்னடா, ஒதையே இல்ல?"ன்னாரு. ரவை இருந்தாத்தான ஒதைக்கும்? "துப்பாக்கிக்கும் வயசாயிருச்சுல்ல மாமா"ன்னான் காசி.

மான்கிட்டப் போயி உக்காந்தாரு. கையால தடவினாரு. வயித்துல, மொகத்துல, அப்பறம் கழுத்தைச் சுத்தி. கழுத்துல கை நின்னுச்சு. "ஏன்டா சில்லுன்னு இருக்கு?"ன்னாரு.

"பனி மாமா"ன்னான் காசி. "மார்கழிப் பனி என்ன லேசா?"

"ஆமாமா. பனி ஜாஸ்திதான்"னாரு.

நம்பிட்டாரு சார். நம்பிட்டாருன்னுதான் நாங்க நெனச்சோம். அம்பது வருசம் வேட்டைக்குப் போன மனுசன், இப்பச் சுட்ட மானு சில்லுன்னு இருந்தா நம்புவானான்னு எனக்குத் தோணல பாருங்க! கொம்பைத் தேடி அவரு கை தலைக்குப் போச்சு, அங்க கொம்பும் இல்ல. கையை எடுத்துக்கிட்டாரு. எங்க வழக்கம் ஒன்னு இருக்கு. சுட்டவன், விழுந்ததோட வாயில தண்ணி ஊத்தி, "உன் உசுருக்கு நான் பொறுப்பு"ன்னு சொல்லணும். பாட்டில்ல தண்ணி வச்சிருந்தேன், குடுத்தேன். வாங்கினவரு ஊத்தாம ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. நடந்து வந்தது மூச்சு வாங்குதாக்கும்னு நெனச்சேன். அப்பறம் ஊத்தினாரு. சொன்னாரு. தெளிவாச் சொன்னாரு, எங்க ரெண்டு பேருக்கும் கேக்குற மாதிரி.

இந்தக் கெணத்தடியிலதான் சார் அறுத்தோம். அந்தா, அந்தக் கல்லு இருக்கே, அதுகிட்ட. வயித்தைக் கீறினா உள்ள குட்டி. பொறக்க நாளாகாத குட்டி, முடி கூட வந்திருச்சு. காசி திரும்பிக்கிட்டான். எங்கய்யா கையை விட்டு அதை எடுத்து, தோள்ல கெடந்த துண்டுல சுத்தி, அவரே கடப்பாரையைப் போட்டுக் குழி தோண்டினாரு. நான் குடுங்கய்யான்னேன், குடுக்கல. "கண்ணு தெரியாத பய, செனைப் பொட்டையைச் சுட்டுட்டேன்"னாரு. பாத்தீங்களா, அவரே சொன்னாரு. அப்ப நம்பிட்டாருன்னுதான நெனைப்போம்?

மானுத் தோலையும் அதே குழியில போட்டு மூடினோம். அன்னைக்குக் கறி சமைச்சது. அவரு தொடல. வயிறு சரியில்லைன்னு மோருசோறு குடிச்சிட்டுப் படுத்துக்கிட்டாரு.

அதோட விட்டிருக்கணும். விட்டேனா? வேட்டை விழுந்தா பதினோரு வீட்டுக்குப் பங்கு போகணும், அது வழக்கம். நான் தேக்கு எலையில மடிச்சு மடிச்சு வீடு வீடாக் கொண்டு போனேன். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, "அய்யா சுட்டாரு. இந்த வயசுலயும் ஒரே வெடி, நெத்தியில"ன்னேன். எவனும் எங்கிட்டக் கேக்கல சார், நானாச் சொன்னேன். ஏன்னா ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குப் பரிவட்டம், வேற வீட்டுக்கு மாத்துங்கன்னு ரெண்டு பேரு அம்பலத்துகிட்டச் சொல்லியிருந்தாங்க. அந்த மரியாதை போயிருமோன்னு எனக்குப் பயம். அப்பன் ஆசை, அப்பன் ஆசைன்னு உங்ககிட்ட இம்புட்டு நேரம் சொன்னேனே, அது பாதிதான். மீதி இது.

எவன் போட்டுக் குடுத்தான்னு தெரியல. பங்கு போகாத வீடு பன்னெண்டாவது ஒன்னு இருந்திருக்கும். மறுநாள் மத்தியானம் ஜீப்பு வந்துருச்சு. ரேஞ்சரு, நாலு கார்டு, கூட மாட்டு டாக்டரு. நேரா இந்தக் கெணத்தடிக்கு வந்து, குழியைத் தோண்டி எடுத்து, எல்லாத்தையும் ஊரு மந்தையில கொண்டு போயிப் போட்டாங்க. தோலு. குட்டி. எங்கய்யா துண்டு. ஊரே கூடிருச்சு. காசி பய காலையிலயே திருப்பூருக்கு வண்டி ஏறிட்டான், எவனோ போன்ல சொல்லியிருக்கான். எனக்குச் சொல்லல பாருங்க, நாயி.

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டுன கதை. கத்தவும் முடியல, நிக்கவும் முடியல.

டாக்டரு தோலைப் பெரட்டிப் பெரட்டிப் பாத்தாரு. "இதுல ரவை பட்ட ஓட்டையே இல்லையே"ன்னாரு. கழுத்துப் பக்கம் விரிச்சுக் காமிச்சாரு. "கம்பி அறுத்த தடம். இது கண்ணியில மாட்டிச் செத்தது." கூட்டத்துல அப்பிடியே ஒரு சலசலப்பு. நேத்து எங்கிட்டக் கறி வாங்கின பதினோரு வீடும் அங்கதான் நிக்குது. ரேஞ்சரு கேட்டாரு: "கண்ணி வச்சது யாரு?"

நான் சொல்லப் போனேன் சார். சத்தியமா வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள எங்கய்யா கம்பை ஊனிக்கிட்டு முன்னால போயிட்டாரு. "நான்தான் வச்சேன்."

அம்பலம் எந்திரிச்சுட்டாரு. "சங்கிலி, நீயா? நீயாய்யா கண்ணி வச்ச?"

"ஆமா. கண்ணு தெரியல, துப்பாக்கி புடிக்க முடியல, ஆசை மட்டும் விடல. வச்சேன். சுட்டேன்னு புள்ளைகிட்டப் பொய் சொன்னேன். அவன் நம்பிக்கிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டான். அவனுக்கு ஒன்னும் தெரியாது."

தடுமாறாமச் சொல்றாரு சார். ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்து தயார் பண்ணின மாதிரி. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அவருக்கு முதல்லேருந்தே தெரியும். ஒதை இல்லாதப்பவே தெரியும், சில்லுன்னு இருந்தப்பவே தெரியும். தெரிஞ்சுதான் தண்ணி ஊத்தியிருக்காரு. காட்டுல நாங்க ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சது கூட அவருக்குக் கேட்டிருக்கும்.

அவரோட சோட்டுக்காரரு ஒருத்தரு, சேர்வாரன்னு பேரு, அம்பது வருசம் கூடவே வேட்டைக்குப் போனவரு, முன்னால வந்து எங்கய்யா காலடியில காறித் துப்பினாரு. "சோறுதான திங்கிற? கருப்பு கேக்காம விடுமா?"ன்னாரு. எங்கய்யா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அவரு எங்கயும் தலை குனிஞ்சு நான் பாத்ததில்ல.

ரேஞ்சரு எம்பக்கம் திரும்பினாரு. "நீ யாரு?"

"மகன் சார்."

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

ரெண்டு சொல்லு சார். "நான்தான் வச்சேன்." ரெண்டே சொல்லு. சொல்லியிருந்தா அம்புட்டும் முடிஞ்சு போயிருக்கும். ஆனா நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியாது சார்"ன்னேன். தலையை வேற ஆட்டினேன், இந்தா, இப்பிடி.

நான்தான் வச்சேன்னு இப்பச் சொன்னேன்ல, கவனிச்சீங்களா? முன்னாடி காசி வச்சான்னு சொல்லியிருந்தேன். பொய். காசி கம்பி வாங்கிட்டு வந்தான், அம்புட்டுத்தான். முடிச்சுப் போட்டது, குச்சி அடிச்சது எல்லாம் இந்தக் கை. பன்னிக்குன்னு சொன்னேன், அதுவும் பொய். பன்னிக்குன்னா கடலைக்காட்டு வேலியில வைப்பாங்க. நான் வச்சது ஓடைத் தடத்துல, மானு தண்ணிக்கு எறங்குற எடத்துல. அந்தத் தடத்தை எனக்குக் காட்டிக் குடுத்ததே எங்கய்யாதான். பாக்குறதுக்குன்னு காட்டிக் குடுத்தாரு.

பதினெட்டு நாளு உள்ள இருந்தாரு சார். துப்பாக்கியை எடுத்துக்கிட்டாங்க. நான் மனு போட்டுப் பாக்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "கடலைக்குத் தண்ணி பாய்ச்சினியா?"ங்கிறாரு. நான் அழுதேன். "அழுகாதடா, இங்க சோறு நல்லாத்தான் போடுறாங்க"ங்கிறாரு. பெத்த மனம் பித்து, புள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க? அவரும் கேக்கல, நானும் சொல்லல.

ஜாமீன்ல வந்தவரு வீட்டுக்கு வரல. கோயில் தெரு வழியா நடக்க மாட்டேன்னு நேரா இங்க வந்துட்டாரு. அன்னையிலேருந்து இந்த மோட்டார் ரூம்தான் அவருக்கு வீடு. நீங்க உக்காந்திருக்கீங்கள்ல, அது அவரு கட்டிலு.

மாசி வந்துச்சு. கூட்டம் போட்டாங்க. அம்பலம் சொன்னாரு, "அப்பன் செஞ்சதுக்கு மகன் என்ன செய்வான்? நல்லமணி யோக்கியன். மரியாதை அந்த வீட்டுலயே இருக்கட்டும்"னு. யோக்கியன்னாரு சார் என்னைய! சேர்வாரன் கூட ஆமான்னு தலையாட்டினாரு. நான் வேணாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. போலீசு குடுத்த அனுமதியோட எவன் வீட்டுத் துப்பாக்கியவோ எரவல் வாங்கி, வானத்தைப் பாத்து வெடிச்சேன். படி ஏறினேன். கருப்பு கோயில் படி ஒவ்வொன்னா ஏறினேன். கண்ணி வச்ச கையைக் கூப்பிக்கிட்டு. பூசாரி பரிவட்டம் கட்டினாரு. பொம்பளைங்க கொலவை போட்டாங்க. எம் பொண்டாட்டி கண்ணுல தண்ணி, சந்தோசத்துல. தப்புச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டிருக்கும். இவரு இங்க தனியா உக்காந்து கேட்டிருப்பாரு.

வெக்கமா இருக்கு சார். சோத்துல கை வச்சா வெக்கமா இருக்கு. கண்ணாடியைப் பாத்துச் செரைக்க வெக்கமா இருக்கு. தெருவுல எவனாவது "வாங்க வேட்டைக்காரரே"ம்பான், அப்பிடியே பூமிக்குள்ள போயிரலாம் போல இருக்கும். யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க வெளியூரு, நாளைக்குப் போயிருவீங்க. உங்க கையில பேனா இருக்கு. அதான் கொட்டிட்டேன். அம்பலம் சொன்னதை அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க. சங்கிலிமுத்து கண்ணி வைக்கல. அவரு மகன் நல்லமணிதான் வச்சான். எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. எவன் வந்து கேட்டாலும் இனி நான் பின்வாங்க மாட்டேன். ஊரு ஒதுக்கட்டும், கேஸு எம்மேல வரட்டும்.

எழுதிட்டீங்களா? கையெழுத்து வேணும்னாலும் போடுறேன்.

என்ன... ஆடு கத்துது? அட, சுவத்துக்கு அந்தப் பக்கம். அய்யா! எப்ப வந்தீங்க? ஓடைக்குத்தான போனீங்க?

"தண்ணி இல்லடா ஓடையில. அப்பவே திரும்பிட்டேன். யாரு வந்திருக்கா?"

திருவிழாப் பத்திப் புஸ்தகம் எழுதுறவருய்யா. மதுரையிலேருந்து வந்திருக்காரு.

"வாங்க தம்பி. உக்காருங்க, எந்திரிக்காதீங்க. இவன் சொன்னதை எல்லாம் கேட்டேன். அதை எழுதாதீங்க. அப்பன் பேரு கெட்டுப் போச்சேன்னு புள்ளை தாங்க மாட்டாம ஒளறுறான். சின்ன வயசுலேருந்தே இவன் இப்பிடித்தான், எனக்கு ஒன்னுன்னா பொறுக்க மாட்டான். கண்ணி வச்சது நான்தான். பிரேக் கம்பி, ஒத்தை முடிச்சு, வாதநாராயணக் குச்சி. எங்க வச்சேன், எப்பிடி வச்சேன்னு கேளுங்க, எல்லாம் சொல்றேன்."

அய்யா...

"நீ சும்மா இருடா. எனக்கு அந்தப் படி ஏறி இனி என்ன ஆகணும்? உனக்கு ரெண்டு பொட்டைப் புள்ளைங்க இருக்கு. அதுக கல்யாணத்துக்கு மாலை மாத்தணும்னா அந்தப் படி ஏறித்தான் ஆகணும். தம்பி, நான் சொன்னபடி எழுதுங்க. எழுதிட்டுப் படிச்சுக் காமிங்க, எனக்குக் கண்ணு தெரியாது. நான் ஆட்டைக் கட்டிட்டு வர்றேன்."

பாத்தீங்களா சார். கேட்டீங்களா. குச்சி என்ன மரம்னு கூடச் சொல்றாரு. வாதநாராயணக் குச்சிதான், நான்தான் வெட்டினேன். இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு அப்பறமா ஒரு நாளு ஓடைக்குப் போயித் தடவிப் பாத்திருக்காரு. கோர்ட்டுல கேட்டா மாட்டிக்கக் கூடாதுன்னு.

நான் இப்ப எந்திரிச்சு, "இல்ல, நான்தான்"னு சொல்லணும்ல? இப்பத்தான உங்ககிட்டப் பின்வாங்க மாட்டேன்னேன், பேனா மை கூடக் காயல. சொல்லத்தான் சார் நெனைக்கிறேன். ஆனா அவரு அப்பிடிச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள்ள என்ன ஆச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. அப்பாடான்னு. தூ, நான் ஒரு மனுசன்.

அந்தா, ஆட்டைக் கட்டிட்டாரு, வர்றாரு. சார், நான் சொன்னதை அடிச்சுருங்க. சீக்கிரம் அடிங்க. அய்யா சொன்னபடியே எழுதிக்கங்க.